அவனை வாங்கில் ஏற்று

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது. இங்கே ஜூன் குளிர்காலம். வெளியே பதினொரு பாகைக் குளிர், மேற்கிலிருந்து சரிவாக அடிக்கிற மழை. ஹென்டர்சனில் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குள், முதுகு சாய வழியில்லாத பார்வையாளர் படியில், நான்காவது வரிசையில் இருந்தேன். கீழே பேரன் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். பதினொரு வயது. அவனுடைய ஆட்டம் எதற்கும் அதுவரை நான் போனதில்லை. அன்று மகனுக்கும் மருமகளுக்கும் வேலை நாள். கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவன் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தான். மூன்றாவது முறை, பயிற்சியாளராக நின்ற சமோவாப் பெண் கையைத் தட்டி, அவன் பெயரைச் சொல்லி, "பெஞ்ச்!" என்று கத்தினார். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பேரன் ஓரத்தில் கிடந்த நீளப் பலகையை நோக்கி நடந்தான். இப்போது ஏறப்போகிறான், இப்போது ஏறப்போகிறான் என்று பார்த்தபடி நின்றேன். அவன் திரும்பி அதில் உட்கார்ந்தான். அந்தப் பெண் வந்து அவன் தோளில் ஒரு துவாயைப் போட்டார். தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்தார். தலையைத் தட்டிவிட்டுப் போனார். நான்கு நிமிடம் கழித்து மறுபடி ஆட விட்டார்கள்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏனடா, உன்னை அதில ஏறி நிக்கச் சொல்லேல்லையோ?"

"ஸ்டான்ட் ஆன் இட்? வை?"

"பெஞ்ச் எண்டு கத்தினவ எல்லோ?"

"யா. இட் மீன்ஸ் சிட் டவுன், அப்பப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஆர் யூ ஓகே?"

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் கணக்குகளை ஆங்கிலத்தில்தான் சரிபார்த்தேன். ஆனால் பதின்மூன்று வயதில் காதுக்குள் போன ஒரு சொல்லை யாரும் பிறகு அகராதியில் தேடுவதில்லை. அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும்.

பழைய மாணவர் சங்கத்தின் கிளை மலருக்கு இனிய நினைவு ஒன்று எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருந்தார். என்னோடு படித்தவர்களே, இந்த நகரத்தில் நாங்கள் பதினேழு பேர் இருக்கிறோம். பதினேழு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் காட்டிய அந்தப் படமும் என் அண்ணாவின் கையும் நினைவிருக்கும். இனிமையாக எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாரும் வாசித்தால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெஞ்சுக்கு வாங்கு என்று பெயர், உட்காருவதை இருப்பது என்போம். வீட்டுவேலை செய்யாமல் வந்தவனைப் பார்த்து ஆசிரியர் "ஏறடா வாங்கில" என்பார். அவன் தான் இருந்த பலகையின் மேலேயே ஏறி, பாடம் முடியும்வரை எல்லோருக்கும் மேலே தலையைக் குனிந்தபடி நிற்பான். பள்ளிக்கூடத்தில் ஒருவனையும் வாங்கையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு அந்த ஒரே பொருள்தான்.

அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று, அண்ணாவுக்குப் பதினைந்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் சீமெந்துத் தரை போட்ட கூடைப்பந்துத் திடல் ஒன்று இருந்தது. வளையத்தை பஸ் திருத்துகிற பட்டறையில் ஒட்டினார்கள், அது இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். பயிற்சி தந்தவர் கணித மாஸ்டர். இருபத்தாறு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் விசில். அவர் கூடைப்பந்து ஆடி நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

தை மாதத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்த பாதிரியார், எங்களுக்குச் சுவாமி, கொழும்பிலிருந்து ஒரு படம் எடுப்பித்தார். அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை. பனி கொட்டுகிற ஊர், சின்னப் பள்ளிக்கூடம், தொப்பியைக் கழற்றாத ஒரு பயிற்சியாளர். இரண்டு படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்து மண்டபத்தில் கட்டினார்கள். அவர்கள் கதைக்கிற ஆங்கிலம் எங்களுக்கு விளங்காது என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இருநூறு பெடியள், வியர்வை நாற்றம், சூடேறிய படம் காட்டும் இயந்திரத்திலிருந்து கருகிய தூசு மணம். அந்த மணம் வந்தால் இன்றைக்கும் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். நான் போகாத நாடு.

படத்தில் கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே எறிகிறான், தவறவிடுகிறான். தொப்பிக்காரர் கத்துகிறார். அந்த இடத்தில் படம் ஒரு குதி குதித்தது. சுருள் ஏற்கெனவே அங்கே அறுந்து, ஆய்வுகூட உதவியாளர் வெட்டி ஒட்டியிருந்தார். குதிக்கு முன்னால் "பெஞ்ச் ஹிம்!" என்பது மட்டும் எங்களுக்கே கேட்டது. மாஸ்டர் மைக்கில் சொன்னார்:

"அவனை வாங்கில ஏத்துங்கோ!"

எல்லோரும் சிரித்தோம். அமெரிக்காவிலும் வாங்கில் ஏற்றுகிறார்கள்! குதித்த படம் மறுபடி தொடங்கியபோது அந்தப் பெடியன் திடலில் இல்லை. பின்னால் பலகையில் இருந்தவர்களை, ஆட்டம் பார்க்க வந்த சனம் என்று நினைத்தோம். கடைசி நிமிடத்தில் தொப்பிக்காரர் திரும்பிக் கையசைக்க, அவன் எங்கிருந்தோ ஓடிவந்து, பந்தை வாங்கி, எறிந்து வெல்கிறான். மாஸ்டர் மைக்கில் சொன்னார். "பாத்தீங்களோ? இவ்வளவு நேரமும் எல்லாருக்கும் முன்னால நிண்டவன். நிண்டு நிண்டு ஓர்மம், வைராக்கியம் ஏறினவன். அதுதான் அமெரிக்கா."

அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனபோது திடலின் ஓரத்தில் எட்டாம் வகுப்பு வாங்கு ஒன்று கிடந்தது.

முதலில் ஏறியவன் எங்கள் அணியில் கட்டையானவன். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், முழங்கை மடங்கக்கூடாது, கண் வளையத்தில் இருக்க வேண்டும், பந்து விழுந்தால் முதலிலிருந்து தொடக்கம். இவையெல்லாம் படத்தில் வந்தவை என்று மாஸ்டர் சொன்னார். ஒருவருக்கும் கண்ட ஞாபகம் இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. அவன் இருபத்தைந்து நிமிடம் நின்றான். பிறகு அவனுடைய காற்சட்டை நனைந்தது. நாங்கள் அவனுக்குக் "குழாய்" என்று பெயர் வைத்தோம். இன்று அவர் லண்டனில் பல்வைத்தியர், மூன்று வீடு இருக்கிறது. உங்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் அவர் பெயர் எப்படிப் பதிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் மற்றப் பள்ளிக்கூடங்கள் சிரித்தன. "வாங்கு ரீம் வருதடா" என்று எங்கள் அணியைப் பார்த்துக் கூவினார்கள். பிறகு நாங்கள் தொடர்ந்து வென்றோம். சிரித்தவர்களில் இரண்டு பள்ளிக்கூடம் தாங்களும் வாங்கு கொண்டுவந்தார்கள். கூடைப்பந்து என்றால் அது கண்டிப்பு, கண்டிப்பு என்றால் அது வாங்கு என்று ஊரில் ஒரு ஞானம் பரவியது. உண்மையில் நாங்கள் ஒன்பது ஆட்டம் வென்றோம். அதில் ஏழில் பாதிக்கு மேலான புள்ளிகளை அண்ணா தனியாகப் போட்டான். வயதுக்கு மீறின உயரம் அவனுக்கு, வலது கை நீட்டினால் வளையத்துக்குப் பக்கத்தில் போகும். அந்த ஏழு ஆட்டத்திலும் அவன் வாங்கில் ஏறவே இல்லை. இந்தச் சின்னக் கணக்கை எந்தப் பெரியவரும் போட்டுப் பார்க்கவில்லை, கணித மாஸ்டர் உட்பட.

வீட்டில் அம்மா ஒருமுறை கேட்டா. "இஞ்சாருங்கோ, வெய்யிலுக்குள்ள பிள்ளையளை மேல ஏத்தி நிப்பாட்டுறாங்களாம். என்னெண்டு ஒருக்கால் போய்க் கேளுங்கோவன்."

அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். பேப்பரைக் கீழே இறக்காமலே சொன்னார். "உமக்கு உது விளங்காது. அமெரிக்காவில உப்பிடித்தான் பெடியளை ஆளாக்கிறது."

எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு சோடி கான்வஸ் சப்பாத்து. அண்ணாவின் அளவு, எனக்கு நுனியில் பஞ்சு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவில் வெள்ளைக் கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, கூரைத் தகரத்தில் காய வைப்போம். காய்ந்ததும் சுண்ணாம்பு மணம், நடந்தால் தரையில் வெள்ளை அடி. இறுதி ஆட்டத்துக்கு அண்ணாதான் போட்டுக்கொண்டு போனான். நான் வெறுங்காலோடு ஆடினேன்.

பங்குனி மாதம், பின்னேரம் மூன்று மணி, சீமெந்து கொதித்தது. முதற்பாதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அண்ணாவுக்கு இரண்டு பிறீ துறோ கிடைத்தது, யாரும் தடுக்காமல் நின்று எறிகிற எறி. இரண்டையும் தவறவிட்டான். வளையம் இடப்பக்கம் சரிந்தது எங்கள் திடலில். இது எதிரிப் பள்ளிக்கூடத்துத் திடல், அவர்களுடைய வளையம் நேராக இருந்தது. அவன் பழகியபடி எறிந்தான்.

மாஸ்டருக்கு அது போதும். கப்டனை, அணியில் மிகச் சிறந்தவனை, இறுதி ஆட்டத்தில் ஏற்றுகிற வாய்ப்பு. படத்தில் வந்தது இதுதானே. "கப்டன் எண்டு பாக்கமாட்டன்" என்று சனத்துக்குக் கேட்கச் சொன்னார். "ஏறடா."

அண்ணா ஏறினான். பந்தைத் தூக்கினான். எனக்குத் திடலிலிருந்து அவன் முகம் தெரியவில்லை, கால்கள் தெரிந்தன, வெள்ளைச் சப்பாத்து. இரண்டாம் பாதி முழுக்க நாங்கள் ஓடும்போதெல்லாம் அந்தச் சப்பாத்தைப் பார்த்தேன். சனம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பார்க்கத் தொடங்கியது. எல்லோருக்கும் ஊரில் பரவிய படக் கதை தெரியும், முடிவும் தெரியும். கடைசி மூன்று நிமிடத்தில் "இறக்குங்கோ! இறக்குங்கோ!" என்று கத்தினார்கள். இரக்கத்தால் இல்லை. கட்டம் வந்துவிட்டது என்பதால். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் இன்னும் கொஞ்சம் பொறுக்க நினைத்தார். அவர் பொறுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணா விழுந்தான்.

மயங்கி விழுகிறவன் கையை ஊன்றுவான், அல்லது கை தானாக விரியும். அண்ணாவின் கைகள் பந்தை விடவில்லை. விட்டால் முதலிலிருந்து தொடக்கம். வலது முழங்கை முதலில் சீமெந்தில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. பந்து துள்ளுகிற சத்தம் என்று பலபேர் நினைத்தார்கள்.

ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த நிமிடம் குழாய் எறிந்த பந்து, அவனே எதிர்பாராமல், வளையத்துக்குள் விழுந்தது. ஒரு புள்ளியால் வென்றோம். மாஸ்டரைத் தோளில் தூக்கினார்கள். படப்பிடிப்புக்காரர் காத்திருந்ததால் அண்ணாவையும் எழுப்பி நடுவில் நிறுத்தினார்கள். கிண்ணத்தை இடக்கையால் பிடிக்கச் சொன்னார்கள். வலது கை முதுகுக்குப் பின்னால் மறைய வேண்டுமென்று படப்பிடிப்புக்காரர் கேட்டார், மாஸ்டரே அதைப் பிடித்துப் பின்னால் வைத்துவிட்டார். அண்ணா போட்ட சத்தத்தில் முன்வரிசைச் சின்னப் பெடியள் சிரித்தார்கள். அந்தப் புகைப்படம் இரண்டு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஒரு சப்பாத்து அந்தச் சனத்துக்குள்ளேயே தொலைந்தது.

அடுத்த நாள் பரிசளிப்பு விழா. கப்டன் இல்லாமல் எப்படி? ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு கழிந்து போகலாம் என்று அப்பா சொன்னார். திங்களன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று முறிவு பார்க்கிற பரியாரியிடம் கூட்டிப்போனார். பச்சிலை மணத்தோடு ஆறு வாரம் கட்டு. கட்டு அவிழ்த்தபோது கை செங்கோணத்தில் நின்றது. அதற்குப் பிறகு அது நிமிரவும் இல்லை, முழுதாக மடங்கவும் இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "பரவாயில்லை. எழுதலாம்."

அண்ணா கூடைப்பந்தைத் தொடவில்லை. ஆனால் அவன் அழுதுகொண்டு திரிந்தான் என்று நினைக்காதீர்கள். நேர்மாறு. அந்தக் கை அவனுடைய பதக்கம். இந்த நகரத்துக்கு வந்த பிறகு ஏவன்டேலில் ஒரு பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் அந்தக் கையோடு மா பிசைந்தான். பிறந்தநாள் விழாவோ பூப்புனித நீராட்டோ, சாப்பாட்டுக்குப் பிறகு கையைத் தூக்கிக் காட்டுவான். "அமெரிக்காக்காரன்ர ட்ரெயினிங் இது. அந்தப் பெடியன் நிண்டது போல நிண்டனான். அவன் படத்தில நிண்டவன், நான் உண்மையா நிண்டனான்." நீங்கள் கைதட்டுவீர்கள். சங்கக் கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவர் கதிரையில் ஏறி நிற்க வேண்டுமென்று விளையாட்டாக ஒரு வழக்கம் வைத்தோமே, அதைத் தொடக்கியதும் அவன்தான். அவனுக்கு அதில் அத்தனை சந்தோசம்.

ஹென்டர்சனிலிருந்து வந்த அன்று பின்னேரம் பேரனிடம் படத்தின் கதையைச் சொன்னேன். பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று நிமிடத்தில் தேடி எடுத்துத் தொலைக்காட்சியில் போட்டான். குதிக்காத படம். தொப்பிக்காரர் கத்துகிறார். பெடியன் நடந்து போகிறான், பலகையில் இருக்கிறான். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிடுகிறார். நான் அந்த இடத்தை ஐந்து முறை போடச் சொன்னேன். பேரன் ஆறாவது முறை மறுத்துவிட்டான்.

அண்ணாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் மாஸ்டருக்கு ஓகஸ்டில் பாராட்டு விழா வைத்திருந்தீர்கள், யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க முறையைக் கொண்டுவந்தவர் என்று. பொன்னாடை போர்த்த அண்ணாவைக் கேட்டிருந்தீர்கள். மாஸ்டரை நேரில் போய் அழைக்க வேண்டுமென்று அண்ணா பிடிவாதமாக நின்றான். மோட்டார்வேயில் நான் ஓட்டுவதில்லை, அவன்தான் ஓட்டினான், இடக்கையால்.

மாஸ்டர் பக்குரங்காவில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்துநாலு வயது, நேரான முதுகு. தேநீர் வந்தது. நான் ஏதோ பேச்சுக்கு இடையில் கேட்பது போலக் கேட்டேன்.

"சேர், அந்தப் படத்தை நான் திரும்பப் பாத்தனான். அந்தப் பெடியன் ஏறி நிக்கேல்ல. இருந்தவன்."

மாஸ்டர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தார். "ஓமடா, இருந்தவன்தான்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? முதல்நாள் இரவு சுவாமிக்குப் போட்டுக் காட்டேக்கை நான் முழுசாப் பாத்தனான். அதுக்குப் பிறகுதான் அந்தத் துண்டு அறுந்தது. அவன் போய் இருக்கிறான், ஒரு கிழவன் கோட்டுப் போர்த்துறான். உதை மைக்கில சொல்லி என்ன பிரயோசனம்? இருத்தி வைச்சால் உங்களுக்கு அது தண்டனையே? கச்சான் கடலை வாங்கித் திண்டுகொண்டு இருந்திருப்பியள்."

அவர் சிரித்தார். எல்லாம் சொந்தப் பல். அண்ணாவும் சிரித்தான், ஆசிரியர் சிரித்தால் சிரிக்கிற பழக்கத்தில்.

"உன்ர கை எப்பிடியடா?"

"இருக்கு சேர்."

"ஓர்மக்காரன். கடைசிமட்டும் பந்தை விடேல்ல பார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும்போது மூன்றாவது சிவப்பு விளக்கில் அண்ணா கேட்டான்.

"எவ்வளவு நேரம் இருந்தவன்?"

"ஆர்?"

"அந்தப் பெடியன்."

"படத்திலயோ? ஒரு ஒண்டரை நிமிசம்."

"கிழவன் கோட்டுப் போர்த்தினவனோ?"

"ஓம்."

விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அண்ணா காரை எடுக்கவில்லை.

"நீ ஏன் கேட்டனீ?" என்றான். "கேக்காமல் விட்டிருந்தால் எனக்கு அந்தக் கதையிலேயே இன்னும் ஒரு அஞ்சு வருசம் ஓடியிருக்கும்."

பாராட்டு விழாவுக்கு அவன் வரவில்லை, தடிமன், காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். பொன்னாடையைச் செயலாளர் போர்த்தினார், அமெரிக்க முறையைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார். நான் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணா எலும்பு வைத்தியரிடம் போய்விட்டான். கையை நிமிர்த்த வேண்டுமாம். "எழுபத்துமூண்டு வயசில ஆருக்குக் காட்ட?" என்று அண்ணி கத்தினா. பொது ஆஸ்பத்திரியில் இதற்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. அடிபட்டது இந்த நாட்டிலும் இல்லை, அதனால் விபத்துக்கு அரசு கொடுக்கிற காசும் வராது. தனியார் வைத்தியர், இளம் சீனப் பெண், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் வாரத்தில் சரியாகப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டிருந்தால் போதும் என்றார். இந்தக் கையோடு இவ்வளவு காலம் சமாளித்தவருக்கு இப்போது என்ன அவசரம் என்றும் கேட்டார்.

அண்ணா கையைக் காட்டினான். "தொங்கவிட்டுக்கொண்டு நடக்கவேணும்" என்று தமிழில் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

மதிப்பீட்டுத் தாளை அவன் வாசிக்கவில்லை. மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டான். "நீதானே கேட்டனீ. நீ கட்டு."

ஒக்டோபரில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூன்று மணி நேரம். தொண்ணூறு பாகை மடிந்திருந்த கையில் இருபத்திரண்டு பாகை நிமிர்ந்தது. அதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். கை தொங்கவில்லை. விழா வீடுகளில் இப்போது நீளக்கை உடுப்புப் போடுகிறான். சின்னப் பிள்ளைகள் வந்து கதை கேட்டால் அண்ணியைக் காட்டிவிடுகிறான்.

வைத்தியர், மயக்க மருந்து, அறுவைக் கூடத்துக் கூலி, ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு, பன்னிரண்டு தடவை உடற்பயிற்சி வைத்தியம், எல்லாவற்றுக்குமாக என் நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்ததில் போன வட்டியையும் சேர்த்து, இருபத்தாறாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு டொலர், நாற்பது சதம்.